வெளியே தெரியாத காயம்: விபத்து நஷ்டஈடு கேட்கும் விவசாயி கவனிக்க வேண்டியவை

பாலக்கோடு வட்டாரத்தில் தக்காளி, கரும்பு, மா, தென்னை என்று எதைப் பயிர் செய்தாலும் விளைபொருளுடன் ரோட்டில் செல்லாமல் விவசாயம் நடப்பதில்லை. மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் செல்ல வேண்டும். உரம் வாங்கத் தருமபுரிக்கும், டிராக்டர் சாமானுக்கு ஓசூருக்கும் போய்வர வேண்டும். இவ்வாறு சென்று வரும்போது விபத்து நேர்ந்தால், கை கால் முறிவை யாரும் பார்த்த உடனே தெரிந்துகொள்வார்கள். கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்து கோர்ட்டும் நம்பும். வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்தால், கல்லீரல் நசுங்கினால், சிறுநீரகம் அடிபட்டால், அது வெளியே தெரியாது. முதலில் உயிருக்கு ஆபத்து. உயிர் பிழைத்த பிறகு, அந்தக் காயத்தை மெய்ப்பிக்க முடியாமல் நஷ்டஈடு கைநழுவிப் போகும் ஆபத்தும் உண்டு. இந்த இரண்டு ஆபத்துகளையும் தவிர்க்கும் வழி ஒன்றுதான் என்பதை இக்கட்டுரையில் விளக்குவோம்.

ஓர் உதாரணம்

ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். வயது 42. ஒன்றரை ஏக்கர் நிலம், கிணற்றுப் பாசனம், தக்காளியும் கரும்பும் பயிர். மொபெட்டில் வரும்போது பின்னால் வந்த வேன் மோதிக் கீழே விழுகிறார். ஹேண்டில்பார் வயிற்றின் இடது பக்கத்தில் குத்துகிறது. முழங்காலில் சிராய்ப்பு, உள்ளங்கையில் சிறு காயம். ரத்தம் அதிகம் இல்லை. "ஒன்றும் இல்லை" என்று எழுந்து, காலுக்கு மருந்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார். நான்காம் நாள் வயிறு உப்பி, தலை சுற்றி, மயங்கி விழுகிறார். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து மண்ணீரலை எடுத்துவிடுகிறார்கள். உயிர் பிழைக்கிறார்.

ஆறு மாதம் கழித்து நஷ்டஈடு கேட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் கேட்பது இதுதான்: "விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரிச் சீட்டில் முழங்கால் சிராய்ப்பு மட்டுமே எழுதியிருக்கிறது. வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இடையில் மூன்று நாள் இவர் என்ன செய்தார்? வேறு எங்காவது விழுந்திருக்கலாம் அல்லவா?"

இந்தக் கேள்விக்குக் கையில் தாள் இருந்தால் பதில் உண்டு. தாள் இல்லாவிட்டால் உண்மையும் ஊமையாகிவிடும்.

உள்ளே நடப்பது என்ன?

மண்ணீரல், கல்லீரல் இரண்டும் ரத்தம் நிறைந்த மென்மையான உறுப்புகள். வயிற்றில் பலமான அடி விழுந்தால், தோல் கிழியாமலே இவை கிழியக்கூடும். சில சமயம் மண்ணீரல் கிழிந்தாலும் அதன் மேலுறைக்குள் ரத்தம் தேங்கி நிற்கும். சில நாட்களிலோ வாரங்களிலோ அந்த உறை வெடித்து, ரத்தம் வயிற்றுக்குள் கொட்டும். டாக்டர்கள் இதைத் தாமத வெடிப்பு என்பார்கள். குடலில் ஓட்டை விழுந்தாலும் முதல் சில மணி நேரம் பெரிய வலி இல்லாமல் இருக்கலாம். ஆகவே விபத்தன்று எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே உள்காயம் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

வயிற்றிலோ நெஞ்சிலோ அடிபட்டவருக்குக் கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் தென்பட்டால் சற்றும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்: வயிறு உப்புதல் அல்லது கல்லுப்போல் இறுகுதல், தோளில் அடிபடாமலே இடது தோள்பட்டையில் வலி, குளிர்ந்த வியர்வை, படபடப்பு, தலைசுற்றல், வாந்தி, சிறுநீரில் ரத்தம், கறுத்த மலம், மூச்சு வாங்குதல்.

வயிற்றில் அடிபட்டவருக்கு எண்ணெய் தேய்த்து நீவி விடுவதும், சுளுக்கு எடுப்பதும், சோடா கொடுப்பதும் பெருந்தவறு. டாக்டர் பார்க்கும் வரை சாப்பாடும் தண்ணீரும் கொடுக்காமல் இருப்பதே நலம். உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பாலக்கோடு அரசு ஆஸ்பத்திரியில் முதல் சிகிச்சை பெற்று, தேவையானால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படலாம். செலவுக்கு அஞ்சித் தயங்க வேண்டியதில்லை. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காக வகுக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் மத்திய அரசும் ரோட்டு விபத்தில் அடிபட்டவருக்கு 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சைக்குத் திட்டம் அறிவித்தது.

முதல் பதிவே ஆணிவேர்

அரசு ஆஸ்பத்திரியில் விபத்துக் கேஸ் வந்தால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். "ஏ.ஆர். காப்பி" என்று வக்கீல்கள் கேட்பது இதன் நகலைத்தான். எப்போது, எங்கே, எந்த வண்டி மோதியது, உடம்பில் எங்கே வலி என்று நோயாளி சொன்னதும், டாக்டர் பார்த்ததும் இதில் இருக்கும். உள்காய வழக்கில் இதைவிட முக்கியமான தாள் வேறு இல்லை.

ஆகவே டாக்டரிடம் காலில் உள்ள காயத்தை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடக் கூடாது. "ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியது, இடது பக்கம் வலிக்கிறது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வலி லேசாக இருந்தாலும் சொல்ல வேண்டும். அடிபட்டவரால் பேச முடியாவிட்டால் உடன் வந்தவர் சொல்ல வேண்டும். டாக்டர் ஒருநாள் படுக்கையில் இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், மோட்டார் போட வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்புவது உயிருக்கும் கேடு, வழக்குக்கும் கேடு.

வீடு திரும்பிய பிறகு வலி வந்தால் அதே ஆஸ்பத்திரிக்கு, பழைய சீட்டுடன் செல்ல வேண்டும். "இன்ன தேதி விபத்தில் அடிபட்ட இடத்திலேயே இப்போது வலி" என்று சொல்லிப் பதியச் செய்ய வேண்டும். நம் உதாரண விவசாயி இரண்டாம் நாளே இப்படிச் செய்திருந்தால், விபத்துக்கும் மண்ணீரலுக்கும் இடையே உள்ள பாலம் உடையாமல் இருந்திருக்கும்.

போலீஸ் புகாரிலும் இதே கவனம் வேண்டும். வயிற்றிலும் நெஞ்சிலும் அடிபட்டதை முதல் தகவல் அறிக்கையில் குறிப்பிடச் சொல்ல வேண்டும். அந்த அறிக்கையின் நகல் இலவசம். இன்னொன்றும் உண்டு. போலீசார் ஆஸ்பத்திரியிலிருந்து காயச் சான்று பெறுவார்கள். ஸ்கேன் முடிவு வராத நிலையில் டாக்டர் தம் கருத்தை நிறுத்தி வைத்து எழுதுவது உண்டு. ஆபரேஷனுக்குப் பின் இறுதிக் கருத்தை வாங்காமல் விட்டால், கேஸ் கட்டில் "சாதாரண காயம்" என்றே நின்றுவிடும். உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் காயம் சட்டப்படி கொடுங்காயம் ஆகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவு இதைச் சொல்கிறது. ஆகவே ஆபரேஷன் விவரத்தை விசாரணை அதிகாரியிடம் கொடுத்து, இறுதிக் கருத்தைப் பெறச் சொல்ல வேண்டும்.

எந்த உறுப்புக்கு எந்தச் சான்று?

மண்ணை எடுத்துச் சோதித்தால்தான் சத்துக் குறைவு தெரிகிறது. அதுபோல உள்காயமும் சோதனை முடிவுகளால்தான் வெளிப்படும்.

மண்ணீரல், கல்லீரல்: அல்ட்ரா ஸவுண்ட் ஸ்கேனில் வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருப்பது தெரியும். சாய மருந்து ஏற்றி எடுக்கும் ஸி.டி. ஸ்கேனில் எந்த உறுப்பு, எவ்வளவு ஆழம் கிழிந்தது என்பது தெரியும். காயத்தின் கடுமையை டாக்டர்கள் 1 முதல் 5 வரை தரம் பிரித்து எழுதுவார்கள். ரத்த அளவு நாளுக்கு நாள் குறைந்ததைக் காட்டும் ஹீமோகுளோபின் சோதனைகள், ரத்தம் ஏற்றிய குறிப்பு, ஆபரேஷன் குறிப்பு ஆகியவை அவசியம். வெளியே எடுத்த மண்ணீரலைச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த அறிக்கையையும் வாங்க வேண்டும். அந்த மண்ணீரல் முன்பே நோயுற்று வீங்கியிருந்ததா, நல்ல நிலையில் இருந்து அடியால் கிழிந்ததா என்பதற்கு அது நேரடியான சான்று.

குடல்: நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்றுத் தெரிந்தால் குடலில் ஓட்டை என்று பொருள். வயிற்றில் பை வைத்து மலம் வெளியேற வழி செய்திருந்தால், அதை மூட இன்னொரு ஆபரேஷன் வேண்டும். அதற்கு ஆகும் செலவை டாக்டரிடம் எழுத்தில் பெற வேண்டும்.

சிறுநீரகம், சிறுநீர்ப்பை: சிறுநீரில் ரத்தம் இருந்ததைக் காட்டும் சோதனை, ஸி.டி. ஸ்கேன், பின்னாளில் எடுத்த கிரியேட்டினின் சோதனைகள், ரத்த அழுத்தக் குறிப்பு.

நுரையீரல்: விலா எலும்பு முறிவைக் காட்டும் எக்ஸ்ரே அல்லது ஸ்கேன், நெஞ்சில் குழாய் வைத்து ரத்தமோ காற்றோ வெளியேற்றிய குறிப்பு, குணமான பின் மூச்சுத்திறன் சோதனை.

இவற்றில் பெயரும் வயதும் எங்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரு தாளில் அப்பன் பெயர், இன்னொன்றில் வீட்டுப் பெயர், மூன்றாவதில் வயது பத்துக் குறைவு என்றால் எதிர்த்தரப்புக்கு அதுவே போதும். தவறு கண்டால் ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறும் முன்பே திருத்தச் சொல்ல வேண்டும்.

நோயாளி கேட்டால் சிகிச்சைப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் டாக்டர் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் குழுவின் 2002-ம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பதிவுகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. எனவே காலம் கடத்தாமல் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

சதவீதக் கணக்கில் சிறு விவசாயி ஏமாறும் இடம்

1923-ம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. விரல் போனால் இத்தனை சதவீதம், கண் போனால் இத்தனை, கால் போனால் இத்தனை என்று அதில் வரிசையாகக் குறித்திருந்தார்கள். அதில் மண்ணீரலும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத் தகுதி பெற்ற டாக்டர் மதிப்பிட வேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது. அதாவது உள்ளுறுப்புக் காயத்துக்கு ஆயத்த விலை கிடையாது. அது அவரவர் செய்யும் வேலையைப் பொறுத்தது.

மோட்டார் விபத்து வழக்குகளிலும் இதுவே நெறி. 2010 அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று நாடெங்கும் வழிகாட்டியாக உள்ளது. நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதியது. உடல் ஊனத்தின் சதவீதம் வேறு, சம்பாத்திய இழப்பின் சதவீதம் வேறு என்று அது விளக்கியது. இடது கை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் ஏறக்குறைய முழுச் சம்பாத்தியமும் போய்விடும், அரசாங்க குமாஸ்தாவாக இருந்தால் வேலை போகாமலும் இருக்கலாம் என்று அதில் உதாரணம் காட்டப்பட்டுள்ளது. ஊனத்தின் அளவைச் சொல்வது டாக்டரின் வேலை, சம்பாத்திய இழப்பை முடிவு செய்வது தீர்ப்பாயத்தின் வேலை என்றும் அது பிரித்துச் சொன்னது.

இதை நம் விவசாயிக்குப் பொருத்திப் பார்ப்போம். மண்ணீரல் இல்லாமலும் மனிதர் வாழலாம். உட்கார்ந்து எழுதும் வேலைக்காரருக்கு அதனால் சம்பளம் குறையாது. ஆனால் வயிற்றைத் திறந்து தைத்தவர் கனமான பொருளைத் தூக்கினால், தையல் போட்ட இடத்தில் குடல் பிதுங்கும் ஆபத்து உண்டு. தோளில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பானில் மருந்து நிரப்பிச் செடிக்குச் செடி நடப்பவர், நிறைந்த தக்காளிப் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றுபவர், கரும்புக் கட்டுச் சுமப்பவர், தென்னை ஏறுபவர் ஆகியோருக்கு அது பிழைப்பையே பாதிக்கும். மேலும் மண்ணீரல் எடுத்தவருக்குச் சில நோய்க்கிருமிகளை எதிர்க்கும் சக்தி வாழ்நாள் முழுதும் குறையும். அவர் தடுப்பூசிகள் போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். சேற்றிலும் சாணத்திலும் வேலை செய்பவருக்கு இது சாதாரண விஷயம் அன்று.

ஆகவே டாக்டரிடம் சான்று கேட்கும்போது "விவசாயம்" என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்தக் கூடாது. விபத்துக்கு முன் செய்த வேலைகளையும், இப்போது செய்ய முடியாதவற்றையும் பட்டியலாக எழுதிக் காட்ட வேண்டும். தூக்கக் கூடிய எடை எவ்வளவு, குனியலாமா, மரம் ஏறலாமா, மேற்கொண்டு என்ன சிகிச்சை வேண்டும் என்று டாக்டர் குறிப்பிட்டால் அந்தச் சான்றுக்கு வலு கூடும்.

சிகிச்சை அளிக்காத ஒருவரிடம் பணம் கொடுத்துப் பெரிய சதவீதம் எழுதி வாங்குவது கூடவே கூடாது. அவ்வாறு கேட்டவுடன் சான்று தருவோரைப் பற்றி மேற்சொன்ன தீர்ப்பே எச்சரிக்கிறது. குறுக்கு விசாரணையில் அது உடைந்தால், உண்மையான காயமும் பொய்யாகிவிடும். இயன்றவரை ஆபரேஷன் செய்த டாக்டரையே சாட்சியாக அழைக்க வேண்டும். அவர் கோர்ட்டுக்கு வர நேரமில்லை என்றால், கமிஷன் மூலம் அவரிடத்திலேயே சாட்சியம் பதிவு செய்யக் கோரலாம். ஊனத்தின் அளவில் தகராறு இருந்தால் மருத்துவக் குழுவுக்கு அனுப்பும்படி தீர்ப்பாயத்தைக் கேட்கலாம்.

பழைய நோய் இருந்தால் மறைக்க வேண்டாம். முன்பு மஞ்சள் காமாலையோ, மலேரியாவோ, குடிப்பழக்கமோ இருந்திருந்தால் எப்படியும் அது பதிவேட்டில் வெளிவரும். முதலிலேயே வக்கீலிடமும் டாக்டரிடமும் சொல்லிவிட்டால், நோய் வேறு, கிழிசல் வேறு என்று டாக்டர் பிரித்துச் சொல்ல இயலும். குற்ற வழக்கில்போல் துளியும் சந்தேகம் இல்லாமல் மெய்ப்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதற்குத் தேதி வரிசை தவறாத தாள்களே துணை.

மாத வருமானத்தை எப்படிக் காட்டுவது?

சம்பளச் சீட்டு இல்லையே என்று விவசாயி மனம் தளர வேண்டியதில்லை. 2011-ல் கர்நாடகக் கூலித் தொழிலாளி ஒருவரின் வழக்கில், 2004-ம் ஆண்டு விபத்துக்கு அவர் சொன்ன மாத வருமானம் ரூ.4,500-ஐ எழுத்துச் சான்று இல்லாமலே உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2014-ல் காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கிலும் இதே வழி பின்பற்றப்பட்டது.

"நிலம் அப்படியே இருக்கிறதே, விளைச்சலும் வருகிறதே, நஷ்டம் எங்கே?" என்பது விவசாயியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. ஹரியானா விவசாயக் குடும்பம் ஒன்றின் வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம் இதைப் பரிசீலித்தது. நிலம் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் பாடுபட்டவர் இல்லாதபோது அதைக் கவனிக்க வேறு ஆளை அமர்த்த நேரிடலாம் என்று கூறியது. ஆகவே அடிபட்ட பின் மருந்தடிக்க, மூட்டை ஏற்ற, தண்ணீர் பாய்ச்ச எத்தனை ஆள் வைத்தோம், எவ்வளவு கூலி கொடுத்தோம் என்று தேதி போட்டு நோட்டில் எழுதி வர வேண்டும். சிட்டா, அடங்கல், மண்டி ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன் புத்தகம், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். பாலக்கோடு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பியவர்களுக்கு எடைச் சீட்டின் அருமை தெரியும். அதே அக்கறை இதிலும் வேண்டும்.

குடும்பப் பெண்களும் கேட்க உரிமை உடையவர்களே. வீட்டு வேலைக்கும் பண மதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2010-லும் 2021-லும் வலியுறுத்தியுள்ளது.

ஒரு மாதிரிக் கணக்கு

நம் உதாரண விவசாயியின் மாத வருமானம் ரூ.12,000 என்றும், சம்பாத்திய இழப்பு 15 சதவீதம் என்றும் தீர்ப்பாயம் முடிவு செய்ததாகக் கொள்வோம். ஆண்டு வருமானம் ரூ.1,44,000. அதில் 15 சதவீதம் ரூ.21,600. வயது 41 முதல் 45 வரை உள்ளவருக்கு 14-ஆல் பெருக்க வேண்டும் என்பது 2009-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு. ஆக ரூ.3,02,400. சொந்தத் தொழில் செய்யும் 40 முதல் 50 வயதுக்காரருக்கு எதிர்கால வருமான உயர்வாக 25 சதவீதம் சேர்க்கலாம் என்பது 2017-ம் ஆண்டுத் தீர்ப்பின் விதி. அதைச் சேர்த்தால் ரூ.3,78,000.

டாக்டரின் சான்று தெளிவாக இல்லாமல், சம்பாத்திய இழப்பே இல்லை என்று முடிவானால் இந்தத் தொகை முழுவதும் போய்விடும். வேலைப் பட்டியல் எழுதிக் காட்டும் அந்த ஒரு தாளுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இதிலிருந்து உணரலாம்.

இது தவிர, வலிக்கும் வேதனைக்கும், படுக்கையில் இருந்த நாட்களின் கூலி இழப்புக்கும், துணைக்கு இருந்தவருக்கும், சத்துணவுக்கும், போக்குவரத்துக்கும், பிற்காலச் சிகிச்சைக்கும் தனித்தனியே கேட்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் சிகிச்சை பெற்றதால் பில் இல்லை, ஆகவே வழக்கும் இல்லை என்று நினைப்பது தவறு.

எங்கே, எப்போது மனுச் செய்வது?

மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின்படி மனுச் செய்ய வேண்டும். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, தாம் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலும் மனுப் போடலாம். பெங்களூரு ரோட்டில் அடிபட்ட பாலக்கோட்டுக்காரர் தருமபுரி மாவட்டத்திலேயே வழக்கு நடத்தலாம்.

2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற வரம்பு வந்தது. இதை எதிர்த்த வழக்கில், காலம் கடந்தது என்ற காரணத்தால் மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஆனாலும் அதை நம்பித் தாமதிப்பது புத்திசாலித்தனம் அன்று. 6 மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுவதே பாதுகாப்பு.

யார் மீது தவறு என்று மெய்ப்பிக்க இயலாவிட்டாலும், கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சம் பெற 164-வது பிரிவு வழி செய்கிறது. மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், 2022-ம் ஆண்டுத் திட்டப்படி கொடுங்காயத்துக்கு ரூ.50,000 கிடைக்கும். இரண்டிலும் "கொடுங்காயம்" என்று சான்று இருக்க வேண்டும். காயச் சான்றில் இறுதிக் கருத்து வாங்குவது ஏன் முக்கியம் என்பது இங்கே மீண்டும் புலப்படும்.

சமரசத்துக்கு அவசரப்பட வேண்டாம். லோக் அதாலத்தில் ஒப்புக்கொண்டு முடித்த தொகைக்கு மேல் அப்பீல் கிடையாது. இன்னொரு ஆபரேஷன் உண்டா, உடல் எந்த நிலையில் நிற்கும் என்று டாக்டர் சொன்ன பிறகே பேச வேண்டும். எழுதாத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவே கூடாது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களும், பெண்களும், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி மக்களும் தருமபுரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

யானை, காட்டுப்பன்றி தாக்கி உள்காயம் பட்டால் வனத்துறையிடமும், இயந்திரத்தில் வேலை செய்யும்போது கூலியாள் அடிபட்டால் தொழிலாளர் துறையிடமும் நஷ்டஈடு கேட்க வேண்டும். கேட்கும் இடம் மாறினாலும், காயத்தை மெய்ப்பிக்கும் முறை மேலே சொன்னதேதான்.

பெட்டியில் பத்திரமாக இருக்க வேண்டியவை

1. விபத்துப் பதிவேட்டு நகல், முதல் தகவல் அறிக்கை, இறுதிக் கருத்துடன் காயச் சான்று.
2. மேல் சிகிச்சைக்கு அனுப்பிய சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, ஆபரேஷன் குறிப்பு.
3. ஸ்கேன், எக்ஸ்ரே படங்களும் அவற்றின் அறிக்கைகளும். அறிக்கை மட்டும் போதாது.
4. ரத்தம், சிறுநீர்ச் சோதனை முடிவுகள் தேதி வாரியாக.
5. மருந்துக் கடை, வண்டி வாடகை ரசீதுகள். சில ரசீதுகளில் எழுத்து சீக்கிரம் அழிந்துவிடும். ஜெராக்ஸ் எடுத்து வைக்க வேண்டும்.
6. கூலியாள் கணக்கு நோட்டு, நில ஆவணங்கள், விற்பனை ரசீதுகள்.
7. செய்ய இயலாத வேலைகளைக் குறித்து டாக்டர் அளித்த சான்று.

இவற்றைக் கரையானும் எலியும் அண்டாத தகரப் பெட்டியில் வைக்க வேண்டும். கோர்ட்டில் கொடுக்கும் முன் ஒரு செட் நகல் வீட்டில் இருக்கட்டும்.

உழவர் பெருமக்களே! வயிற்றில் அடிபட்டால் "ஒன்றும் இல்லை" என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். அன்றே டாக்டரிடம் சென்று, வலி உள்ள இடத்தைச் சொல்லி, அதைப் பதியச் செய்யுங்கள். உங்கள் உயிரைக் காப்பதும் அதுவே, பின்னால் உங்கள் குடும்பத்துக்குரிய நஷ்டஈட்டைப் பெற்றுத் தருவதும் அதுவே.